கப்பலுக்கு முன்பே தொடங்கிய கலூத்

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி, காரைக்கால் கடற்கரையில் மாதம் ஒருமுறை நாம் கூடிப் படிக்கிறோம். பதினைந்து இருபது பேர் வருவார்கள். கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இரண்டொரு ஆசிரியர்கள், கட்டட வேலை முடித்துக் கை கால் கழுவிவிட்டு நேராக வரும் தோழர்கள். போன மாதம், தீண்டப்படாதவர்களை ‘இந்தியக் கெட்டோவின் பிள்ளைகள்’ என்று அம்பேத்கர் குறிப்பிட்டதைப் பற்றிப் பேச்சு. கெட்டோ என்றால் என்ன என்று தொடங்கியது. வெனிஸ் நகரத்தில் 1516இல் யூதர்களை ஒரு பகுதிக்குள் ஒதுக்கி, இரவில் வாயிற்கதவைப் பூட்டிவைத்த கதையைச் சொன்னோம். அங்கிருந்து பேச்சு நகர்ந்து, யூதர்கள் தங்கள் நிலைக்கு வைத்திருந்த ‘கலூத்’ என்ற எபிரேயச் சொல்லில் வந்து நின்றது. புலம்பெயர்வு என்று ஒருவர் மொழிபெயர்த்தார். இல்லை, நாடுகடத்தல் என்றார் இன்னொருவர்.

நெடுங்காடு பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டார்: “என் சாதிச் சான்றிதழ்ல ‘மைக்ரண்ட்’னு போட்டிருக்காங்க. எங்க தாத்தா நாகை பக்கத்துலேருந்து வாஞ்சூர் தாண்டி வந்தவராம். பஸ்ல ஒரு மணி நேரம். அப்ப நானும் கலூத்துதானா தோழர்?”

எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது, கேள்வி அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். கலூத்தின் வேர் கிமெல், லாமெத், ஹே என்ற மூன்று எபிரேய எழுத்துகள். (முதல் எழுத்தைக் ‘காந்தி’யில் வரும் ஒலியோடு சொல்ல வேண்டும்.) அந்த வேருக்கு இரண்டு பொருள்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, இருந்த இடத்தை விட்டுப் போவது, பெயர்த்துக் கொண்டுபோகப்படுவது. மற்றொன்று, மூடிக் கிடந்ததைத் திறப்பது, வெளிப்படுத்துவது. இரண்டும் ஒரே வேரா, ஒலி ஒத்துப்போன இரு வேர்களா என்று மொழியறிஞர்கள் வாதிடுகிறார்கள். மக்களை இழந்த நிலம் போர்வை உருவப்பட்டதுபோல வெறுமையாகக் கிடக்கிறது, அதுதான் இரண்டு பொருளுக்கும் பாலம் என்று சொல்வோரும் உண்டு. வாதம் எப்படி முடிந்தாலும் சரி, நமக்கு இரண்டு பொருளும் தேவைப்படும்.

கி.மு. 597இலும் மறுபடி 586 வாக்கிலும் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்தார்கள். கோயிலை இடித்தார்கள். அரச குடும்பத்தையும் குருமாரையும் படைவீரரையும் கொல்லர், தச்சர் முதலிய கைவினைஞரையும் பாபிலோனுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அப்படிப் போன கூட்டத்துக்கு ‘கோலா’ என்று பெயர். அதே வேர்தான். ஆனால் நாட்டின் ஏழைகளைத் திராட்சைத் தோட்டமும் வயலும் பார்க்க அங்கேயே விட்டுவிட்டார்கள் என்று யூதர்களின் வேதமே சொல்கிறது. நாடுகடத்தப்படுவதற்குக்கூட அங்கே ஒரு தகுதி வேண்டியிருந்தது. இந்தக் குறிப்பை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் கதை தலைகீழ். இங்கே கப்பலேறியது வயலில் நின்ற ஆள், வரப்பில் குடையோடு நின்றவர் ஊரிலேயே இருந்துகொண்டார்.

பின்னாளில் யூதர்கள் இன்னொரு வேறுபாட்டையும் கண்டார்கள். சிதறிப் பரவி வாழ்வதற்கு ‘தெபூட்ஸோத்’ என்ற சொல் இருக்கிறது. விதை தூவியதுபோலப் பரவுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் இன்று எல்லோரும் புழங்கும் ‘டயஸ்போரா’. இந்த இரண்டிலும் வலி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கலூத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அது கட்டாயம், அது தண்டனை, அது இன்னும் முடியாத ஒன்று. மக்கள் கலூத்துக்குப் போனபோது கடவுளின் இருப்பும் கூடவே போனது என்று ரபிகள் போதித்தார்கள். தேவனும் அகதி.

சேரியின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சொல்லும் தெரிந்திருக்கும். தம்பியைக் கொன்ற காயீன் போய்க் குடியிருந்த இடம் ‘நோத்’. எபிரேயத்தில் அதன் பொருள் அலைச்சல். அலைச்சலையே ஊராகக் கொடுத்துவிட்டார்கள். காயீனாவது ஒரு கொலை செய்தவன். நாம் யாரைக் கொன்றோம் என்று கேட்டுவிட்டு மேலே போவோம்.

இப்போது காரைக்காலுக்கு வருவோம். தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் இந்த இடத்தைப் பெற்றார்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் தஞ்சை வயல், நான்காம் பக்கம் கடல். பிரெஞ்சு வணிகர்களுக்கு இந்த நிலத்தின் மதிப்பு நெல்லில் மட்டும் இருக்கவில்லை, முதுகுப்புறமாக இருந்த மக்கள் கூட்டத்திலும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளை மொரீசியசுக்கும் அன்று பூர்போன் எனப்பட்ட ரெயூனியனுக்கும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஆட்களை ஏமாற்றிப் பிடித்து விற்ற ஒரு விவகாரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை 1743இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

1848 ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சுக் குடியரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் இல்லை. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை, ஏன் விரும்ப வேண்டும்? அந்த இடத்தை நிரப்ப ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலி முறை வந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கூலி டிப்போக்கள் திறந்தன. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே 6 அன்று மார்த்தினிக் தீவின் சேன் பியேர் துறையில் முன்னூற்றுச் சொச்சம் பேரை இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் கடைசியில் அதே கப்பல் குவாதலூப்பில் இன்னொரு கூட்டத்தை இறக்கியது. இந்தக் கடல்வழி முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடியது. ரெயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். குவாதலூப்புக்கு நாற்பத்திரண்டாயிரம் அளவில். மார்த்தினிக்குக்கு இருபத்தைந்தாயிரம் அளவில். பிரெஞ்சு கயானாவுக்குச் சில ஆயிரம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கரீபியன் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அங்கே கூலி, ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க். பெண்ணுக்கு 10.

பிரெஞ்சுக் காரைக்கால் சின்ன இடம், அவ்வளவு ஆளுக்கு எங்கே போவது? மேஸ்திரிகள் எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டக் கிராமங்களுக்குள் போனார்கள். மொரீசியஸ் பக்கத்தில்தான், கோயில் வேலை, சர்க்கார் சம்பளம் என்று என்னென்னவோ சொன்னார்கள். சந்தைக்கு வந்தவர்களையும் தனியாக நின்ற பிள்ளைகளையும் அழைத்துப் போய் டிப்போவுக்குள் தள்ளினார்கள். ஆள் கடத்துகிறார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகளின் புகார்கள் போயின. அவர்களுடைய கவலை முழுக்க மனிதாபிமானம் என்று நம்ப வேண்டியதில்லை, அவர்களுக்கும் மொரீசியசுக்கும் இலங்கைக்கும் கூலி தேவைப்பட்டது. கடைசியில் இரண்டு வல்லரசுகளும் பேசித் தீர்த்துக்கொண்டன. 1860இல் ரெயூனியனுக்கும் 1861இல் மற்ற காலனிகளுக்குமாகப் போட்ட ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலேயக் குடிமக்களைப் பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து ஏற்றலாம், கண்காணிக்க ஆங்கிலேய முகவர் ஒருவர் இருப்பார். ரெயூனியன் தோட்டங்களில் நடந்த கொடுமை தாங்காமல் 1882இல் அதே ஆங்கிலேயர் அந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். கரீபியனுக்குப் போவதும் 1880களின் கடைசியில் நின்றது.

ஒப்பந்தத்தில் திரும்பும் பயணத்துக்கு உரிமை இருந்தது. குவாதலூப்புக்குப் போனவர்களில் நாலில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே செத்தார்கள்.

யார் இவர்கள்? பதிவேடுகளில் எல்லாச் சாதிப் பெயரும் வருகிறது. வன்னியர் உண்டு, வேளாளர் உண்டு, முஸ்லிம்கள், கிறித்தவர்கள் உண்டு. எல்லோரும் தலித்துகள் என்று சொன்னால் அது பொய். ஆனால் பறையரும் பள்ளரும் பெருங்கூட்டமாகப் போனார்கள் என்பதை மறைத்துவிட்டு, ‘தமிழன் கடல் கடந்தான்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது அதைவிடப் பெரிய பொய். வெளிநாட்டுத் தமிழர் விழா என்றால் மேடைக்கு முதலில் வருவது கடாரம் கொண்ட ராஜேந்திரன். டிப்போவில் எண் கொடுக்கப்பட்ட பண்ணையாளுக்கு மேடையில் இடம் கிடைத்து நாம் பார்த்ததில்லை. ‘மானம் கப்பலேறிப் போச்சு’ என்று ஊரில் ஒரு வழக்கு இருக்கிறதே, யாருடைய மானத்தைப் பற்றி அது பேசுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று பயந்தவர்களுக்கு இழக்க ஒரு சாதி இருந்தது.

கலூத் என்ற சொல் ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. உனக்கென்று ஒரு வீடு இருந்தது, அதிலிருந்து உன்னைப் பெயர்த்தார்கள் என்பதுதான் அது. பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்களுக்கு நினைத்து அழ ஓர் எருசலேம் இருந்தது. காரைக்கால் டிப்போவில் உட்கார்ந்திருந்த பண்ணையாளுக்கு எது எருசலேம்?

தஞ்சை டெல்டாவின் சேரியை நினைத்துப் பாருங்கள். ஊர் என்று சொன்னால் அதில் சேரி வராது. ஊர் வேறு, சேரி வேறு, பேச்சுமொழியே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. வயல் மிராசுதாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். குடிசை நின்ற மனைக்கட்டும் அவருடையதுதான் என்பது பலருக்குத் தெரியாது. எதிர்த்துப் பேசினால் கூரையைப் பிரித்துப் போட்டு விரட்டலாம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இந்த மனைக்கட்டுப் பிடியைத் தெளிவாகக் காட்டினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். அது ஆங்கிலேயர் பகுதிக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. ஆங்கிலேய இந்தியாவில் 1843இல் சட்டம் அடிமை முறையை அங்கீகரிப்பதை நிறுத்தியது. ஆனாலும் கடன், படி, பண்ணை என்று பெயரை மாற்றிக்கொண்டு அது நடந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை இருந்தன என்பதை நம் பாட்டன்மார் நேரில் சொல்லக் கேட்டவர்கள் இந்த வட்டத்திலேயே இருக்கிறார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வர 1971 ஆனது. இடையில் 1968 டிசம்பர் 25 இரவு, இங்கிருந்து தெற்கே கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்ட பகை அது.

ஆகவே கலூத் கப்பலில் தொடங்கவில்லை. அது சேரியிலேயே இருந்தது. பெயர்க்கப்படாமலே நாடுகடத்தப்பட்ட மக்கள், தம் ஊருக்கு வெளியே தம் ஊரிலேயே வாழ்ந்த மக்கள். திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனுக்கு நந்தி விலகியது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, கதவுக்கு உள்ளே கூப்பிட்டதாக எந்தக் கதையும் இல்லை.

1931 ஆகஸ்ட் 14 அன்று பம்பாயில் காந்தியை முதன்முறை சந்தித்தபோது, தமக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று அம்பேத்கர் அவரிடமே சொன்னார். அதைக் கோபத்தில் வந்த ஒரு பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அது ஒரு வரலாற்றுக் கருத்து. பின்னர் 1948இல் ‘தீண்டப்படாதவர்கள் யார்?’ நூலில், தம் குலங்களிலிருந்து உடைந்து சிதறி, அடுத்தவர் ஊரின் எல்லையில் காவலுக்குக் குடிவைக்கப்பட்டவர்களே நம் முன்னோர் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அயோத்திதாசர் அதற்கு முன்பே வேறு வழியில் ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்திருந்தார். இவர்கள் பூர்வ பௌத்தர்கள், மதமும் மண்ணும் பிடுங்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டவர்கள் என்றார். இந்த வரலாறுகளின் ஒவ்வொரு விவரத்தையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்கிறார்களா என்பது வேறு விவாதம். இருவரும் தேடியது ஒன்றைத்தான்: வெளியே நிற்பது எப்போது, எப்படித் தொடங்கியது?

இதில் ஒரு விந்தை இருக்கிறது. நாம் எபிரேயச் சொல்லைக் கடன் வாங்குவதற்கு முன்பே ஐரோப்பா நம் பெயரைக் கடன் வாங்கிவிட்டது, அதுவும் யூதர்களைக் குறிக்க. பறையர் என்ற சாதிப் பெயர் ‘பரியா’ ஆகி ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது. 1821இல் பாரிஸில் கசிமிர் தெலவீன் ‘லெ பரியா’ என்று ஒரு நாடகம் போட்டார். 1823இல் பெர்லினில் மைக்கேல் பேர் என்ற யூத எழுத்தாளர் ‘டெர் பரியா’ நாடகத்தில் இந்தியப் பறையனை மேடையேற்றித் தம் மக்களின் உரிமையின்மையைப் பேசினார். ட்ரேஃபஸ் வழக்கில் போராடிய பெர்னார் லசார், யூதர் தம் பரியா நிலையை உணர்ந்து கலகம் செய்ய வேண்டும் என்றார். மாக்ஸ் வேபர் பண்டைய யூதர்களைப் பரியா மக்கள் என்றே வகைப்படுத்தினார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய ஹன்னா அரெண்ட் 1944இல் ‘பரியாவாக யூதன்’ என்று கட்டுரை எழுதினார்.

காலத்தைக் கவனியுங்கள். பேருடைய நாடகம் நடந்து முப்பது ஆண்டில் ஒரேலி கப்பல் மார்த்தினிக்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய நாடக மேடையில் பரியாவுக்காகக் கண்ணீர் விட்ட காலத்திலேயே பரியாவின் உடலைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றினார்கள். லசாரும் அரெண்டும் அந்தச் சொல்லுக்குக் கலகம் கற்றுக்கொடுத்தார்கள், அதற்கு அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மக்கள் வங்கக் கடற்கரையில் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அந்தப் பக்கங்களில் எங்கோ தொலைந்துவிட்டது. உவமையாகப் போனவன் ஆளாகப் போகவில்லை.

ஆளாகப் போனவர்கள் என்ன ஆனார்கள்? அழிந்தார்கள் என்று மட்டும் எழுதிவிட்டால் அதுவும் அவர்களுக்குச் செய்யும் துரோகம். சாதி என்பது தனியொருவர் தலையில் ஏற்றிக்கொண்டு போகும் மூட்டை இல்லை. அதற்கு ஊர் வேண்டும், சேரி வேண்டும், தனிக் கிணறு, தனிச் சுடுகாடு வேண்டும், நூறு பேர் சேர்ந்து காவல் காக்க வேண்டும். ஒரே கப்பலில் ஒரே பானைக் கஞ்சி குடித்து, ஒரே கொட்டடியில் படுத்தவர்களால் அதைப் பழையபடி கட்ட முடியவில்லை. கரீபியன் தீவுகளில் சாதி ஒரு முறையாக நிலைக்கவில்லை. அவர்களோடு போன தெய்வங்களைப் பாருங்கள். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மன் ‘மாலியேமேன்’ ஆனாள். மதுரைவீரன் ‘மால்தேவிலேன்’ ஆனான். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்று கதை சொல்லும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அதே மதுரைவீரன். அக்கிரகாரத்துத் தெய்வங்களை யாரும் டிப்போவுக்கு அழைத்து வரவில்லை. ரபிகள் சொன்னதுபோல, இங்கேயும் மக்களோடு சேர்ந்து கடல் கடந்த தெய்வம் உண்டு, அது சேரிக்குப் பக்கத்தில் நின்ற தெய்வம்.

இன்னொன்று நமக்கு மிகப் பிடித்தது. அந்தத் தீவுகளின் கோயில்களில் ‘நாகூர் மீரா’வுக்கும் கொடிமரம் உண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், கப்பலைக் காக்கும் ஆண்டவர். காரைக்காலில் கப்பலேறியவர் இந்துவோ முஸ்லிமோ, மினாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருப்பார். அங்கே சமையலில் ‘கொலொம்போ’ என்பது நம் குழம்பு.

குவாதலூப்பில் 1863இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். கப்பலில் வந்தவர்களின் பிள்ளை. அந்த மண்ணிலேயே பிறந்தும் இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை இல்லை, குடியுரிமை இல்லை என்ற நிலையை எதிர்த்து 1904இல் அவர் வழக்கைத் தொடங்கினார். 1923வரை நடத்தினார், வென்றார். பத்தொன்பது ஆண்டுகள். அண்ணாமலையானை ஆண்ட நாட்டிலும் அரசாங்கத்தின் வாசற்படியிலும் ஒரே மாதிரிக் கதவுதான் போலிருக்கிறது, ஆனால் அங்கே ஒரு கதவு திறந்தது.

போகாமல் இங்கேயே இருந்தவர்கள்? 1789இலும் 1848இலும் சமத்துவம் பேசிய பிரான்ஸ், இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே நியாயம் தீர்க்கும் என்று 1819இலேயே ஆணை போட்டுவைத்திருந்தது. சாதியைக் காப்பாற்றுவது ஆட்சிக்கு வசதி. 1881 செப்டம்பர் 21இன் ஆணை ஒரு சந்து திறந்தது. தன் சாதி வழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் அதன் உரிமைகள் கிடைக்கும். குடும்பப் பெயரும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். தலித்துகளும் கிறித்தவர்களும் திரளாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பலர் சைகோனுக்குச் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் போனார்கள். இன்று காரைக்காலில் ‘சொல்தா வீடு’ என்று நாம் பொறாமையோடு காட்டும் வீடுகளில் சிலவற்றின் அஸ்திவாரம் அந்தக் கையெழுத்து. பின்பு 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். களத்துமேட்டில் நின்றவர்களுக்கு அந்த ஆறு மாதம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இனி அந்த மாணவியின் சான்றிதழ். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கான பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1964 மார்ச் 5 தேதியிட்டது. அந்தத் தேதிக்கு முன் குடும்பம் இங்கே குடியிருந்தால் ‘ஒரிஜின்’, பூர்வீகம். பின் வந்தால் ‘மைக்ரண்ட்’. சாதி ஒன்று, சேரி ஒன்று, நடவு வயல் ஒன்று. காரைக்காலைச் சுற்றி இருக்கும் தமிழ்நாட்டோடுதான் கொண்டான் கொடுத்தான் எல்லாம். ஆனால் இடஒதுக்கீட்டின் பயன் யாருக்கு, எவ்வளவு என்பது ஆண்டுக்கணக்கில் வழக்காகவும் போராட்டமாகவும் நடக்கிறது. பூர்வீகச் சான்றிதழ் வைத்திருக்கும் நம் தோழர்களின் பயத்தையும் நாம் கேலி செய்யக் கூடாது. சின்னப் பகுதி, சொற்ப வேலை, எல்லை திறந்து கிடந்தால் உள்ள பங்கும் போய்விடும் என்கிறார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் தலைமுறை தலைமுறையாக எங்கும் மனைக்கட்டு இல்லாமல் விரட்டப்பட்ட மக்களைப் பார்த்து, குறிப்பிட்ட ஒரு தேதியில் நீ எங்கே குடியிருந்தாய் என்று கேட்பது, கேள்வி கேட்பவருக்கு நிலமும் வீடும் பரம்பரையாக இருப்பதையே காட்டுகிறது. நிலையாகக் குடியிருக்க விடாமல் செய்துவிட்டு, நிலையாகக் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஒரே சேரிக்குள் பூர்வீகமும் வந்தேறியும் என்று கோடு விழுந்துவிட்டதால், பங்கின் அளவையே கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டிய இரண்டு தரப்பும் ஒன்றையொன்று எண்ணிக்கொண்டிருக்கின்றன.

கலூத்தின் இரண்டாம் பொருள் இங்கேதான் வேலைக்கு வருகிறது. பிரான்சின் ஏக்ஸ் நகரக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்திலும் அந்தத் தீவுகளின் காப்பகங்களிலும் குடியேறிகளின் பதிவுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, பிறந்த ஊர், வரிசை எண். பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய தமிழ்ப் பெயர்கள். அந்த வம்சாவளியினர் அவற்றைத் திறந்து பாட்டனைத் தேடுகிறார்கள். முத்துசாமி, வீரப்பன் என்ற பெயர்களைக் குடும்பப் பெயராகத் தாங்கி, தமிழ் தெரியாமல், காரைக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறார்கள். நம் பக்கத்தில் திறப்பதற்குப் பதிவேடு குறைவு. பண்ணைக் கணக்கில் ஆள் பெயர் இருந்தால் நெல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். எனவே வீட்டில் கேட்டுத்தான் ஆக வேண்டும். யார் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று ஒவ்வொருவரும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவது என்று அன்று முடிவு செய்தோம்.

இந்த மாதக் கூட்டத்தில் அந்த மாணவி ஒரு நோட்டோடு வந்தார். தாத்தா இல்லை, அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நாகைப் பக்கத்தில் ஒரு பண்ணை. வெண்மணிக்கு அடுத்த வருஷம் அறுவடை. அரைப்படி நெல் கூடக் கேட்ட நாலு குடும்பத்துக்கு வேலை கிடையாது என்றார்கள். பிறகு மனையைக் காலி செய் என்றார்கள். கூரையைத் தாங்களே பிரித்து, மூங்கிலைத் தலையில் வைத்துக்கொண்டு வாஞ்சூர் வழியாக நடந்து வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அப்போது நாலு வயது, நடக்க முடியாமல் அழுதாராம்.

“அறுபத்தொன்பது” என்றார் பக்கத்திலிருந்த தோழர், கணக்குப் போட்டுவிட்டு. “அஞ்சு வருஷம் லேட்டு.”

மாணவி சான்றிதழின் நகலை நோட்டுக்குள்ளிருந்து எடுத்து எல்லோரிடமும் காட்டினார். எங்கிருந்து வந்தவர் என்பதற்கு அதில் இடம் இருந்தது. ஏன் வந்தார் என்பதற்கு இடம் இல்லை. அதை அவர் நோட்டில் எழுதியிருந்தார், அரைப்படி நெல் உட்பட.